கிறிஸ்தீன் தெ பிசான் அம்மையார்

பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியில், 12-ஆம் நூற்றாண்டிலேயே உயர்குடிப் பெண்டிர் சிலர் இசைப்பாக்கள் இயற்றிப் புகழெய்தினர். செல்வத்திற் பிறந்த அவர்க்குப் பாட்டு ஓர் இன்பக் கலை. இருநூறாண்டு கழித்துத் தோன்றிய ஒருவர்க்கோ அதுவே உணவும் உடையுமாயிற்று. அவரே கிறிஸ்தீன் தெ பிசான் அம்மையார். அன்னாரது வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1364-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் தொமாசோ, பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸின் அவையில் மருத்துவரும் சோதிடருமாய் அமர்ந்தமையின், குடும்பம் பாரிஸ் மாநகர் சேர்ந்தது. மகள் நூல் நூற்றல் வேண்டுமென விழைந்தார் அன்னையார்; நூல் கற்றல் வேண்டுமென விழைந்தார் தந்தையார். தந்தையார் விருப்பமே பிற்காலத்தில் மகளைக் காத்தது.

15-ஆம் வயதில் எத்தியேன் என்னும் அரசச் செயலரை அம்மையார் மணந்தார். இல்லறம் இனிது நடந்தது. அந்தோ! 1390-இல் கணவர் கொள்ளைநோய்க்கு இரையானார். தந்தையாரோ முன்னரே மறைந்துவிட்டார். ஏறத்தாழ 25 வயதிலேயே அன்னையையும் மக்களையும் காக்கும் பொறுப்பு அம்மையார் தலைமேல் வீழ்ந்தது. கணவர்க்குச் சேரவேண்டிய பொருளைப் பெறும்பொருட்டு வழக்குமன்றங்களின் வாயில்தோறும் பல்லாண்டு அலைந்தார்; ஏளனமே மிகுதியும் பெற்றார். ஆயினும் உள்ளம் தளர்ந்திலர். எழுதுகோலைக் கையிலெடுத்தார்.

கணவரைப் பிரிந்த துயரத்தையே முதலிற் பாடினார். அப்பாடல்கள் அரசகுடும்பத்தாரைக் கவர்ந்தன. பர்கண்டிக் கோமகன் பிலிப்பு வேண்ட, ஐந்தாம் சார்லஸின் வரலாற்றை 1404-இல் எழுதி முடித்தார். தம் நூல்களைப் படியெடுப்பிக்கும் பணியையும் தாமே மேற்பார்த்தார்.

அக்காலத்துப் பெரிதும் போற்றப்பட்ட 'ரோஜாக் காதை' பெண்ணினத்தை இழித்துரைத்தது. கற்றறிந்த ஆடவர் பலர் அதனைப் புகழ்ந்து நிற்க, அம்மையார் 1401-இலும் 1402-இலும் மடல்கள் வாயிலாக அதனை மறுத்தார். 1405-இல் இயற்றிய 'மாதர் மாநகர்' என்னும் நூலில், அறிவு, நேர்மை, நீதி என்னும் மூன்று தேவியர் துணைசெய்ய, புகழ்பெற்ற பெண்மணிகளின் வாழ்க்கைகளையே கற்களாக அடுக்கி ஒரு நகரெழுப்பினார். ஆண்மக்களைப் போலப் பெண்மக்களும் பள்ளிக்கு அனுப்பப்பெறின், கலைகளை அவர்க்கு நிகராகக் கற்பர் என்பது அந்நூலின் துணிபு.

1418-இல் பாரிஸ் பகைக்கட்சியார் கைப்பட, அம்மையார் கன்னிமடம் ஒன்றில் அடைக்கலம் புகுந்தார். பதினொரு ஆண்டு கழித்து, 1429-இல், ஜோன் என்னும் இளநங்கையின் வெற்றி கேட்டு உவந்து ஒரு பாட்டு இயற்றினார். அதன்பின் நெடுநாள் வாழ்ந்திலர். ஏறத்தாழ 1430-இல் உயிர்நீத்தார்.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்கவிழாவில் எழுந்த 10 பெண்மணிகளின் பொன்னிறச் சிலைகளுள் அவரது சிலையும் ஒன்று. எனினும், சிலையினும் அவர் கட்டிய நகரே நிலையானது. தந்தையொருவர் மகட்கு ஈந்த கல்வி, அவள் குடும்பத்தை மட்டுமோ காத்தது? ஓரினத்தின் மானத்தையே காத்தது. கல்வி பயிலும் நாம் இதனை மறவாதிருப்போமாக.