முதன்மைப் பாடமும் துணைப்பாடமும்: தனிநாயகம் அடிகளார் கற்ற வழி

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் ஆண்டுதோறும் நம் துறையின் வாயிலில் ஒரு காட்சியைக் காண்கிறோம். மகன் முன்னே நிற்பான். தந்தையார் சற்றுப் பின்னே நிற்பார். வணிகவியலில் இடம் கிடைக்கவில்லை, கணினி அறிவியலிலும் கிடைக்கவில்லை, ஆகவே தமிழ் என்று விண்ணப்பம் நிரப்பப்பட்டிருக்கும். எதனை முதன்மைப் பாடமாகக் கொள்வது, எதனைத் துணைப்பாடமாகக் கொள்வது என்னும் வினா, பதினேழு வயதில், ஒரே முற்பகலில் முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. இவ்வினாவை முப்பது வயதைக் கடந்து, முனைவர் பட்டமும் பெற்ற பிறகு, தமக்குத் தாமே மீண்டும் எழுப்பிக்கொண்ட ஒருவர் நம் முத்துக்குளித்துறைப் பகுதியில் வாழ்ந்து பணியாற்றினார். அவர்தாம் சேவியர் தனிநாயகம் அடிகளார். கிறித்தவத் துறவி ஒருவரின் வரலாறு நம் கல்லூரி மலரில் இடம்பெறுவதை இக்கரையோர் எவரும் புதுமையாகக் கருதார் என நம்புகிறோம். கடலையும் சிப்பியையும் பங்கிட்டு வாழ்ந்த மக்கள் தமிழையும் பங்கிட்டே வளர்த்தனர்.

அடிகளார் 1913 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2 ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின்னர்க் கொழும்புக் குருமடத்திலும் பயின்று, 1934 இல் உரோமை நகரை அடைந்தார். 1938 இல் குருப்பட்டம் பெற்றார். இறையியலில் முனைவர் பட்டத்துக்கென அவர் மேற்கொண்ட ஆய்வு, மூன்றாம் நூற்றாண்டில் புனித சிப்பிரியான் ஆயராக விளங்கிய காலத்துக் கார்த்தேசு நகரக் குருமாரைப் பற்றியது. இலத்தீன் அவருக்குக் கைவந்த மொழியாயிற்று. இத்தாலியமும் பிரெஞ்சும் அவ்வாறே அமைந்தன. தாய்மொழியின் பேரிலக்கியமோ அந்நாள்வரை அவர் முறையாகத் திறந்து பாராத ஏடாகவே இருந்தது.

உரோமையினின்று திரும்பியவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணியேற்றார். 1940 இல் நெல்லைச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்துப் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடுவே நின்றபோது தம் கல்வியின் குறை அவருக்கு விளங்கிற்று. அக்குறையை மறைத்துக்கொள்ளப் பட்டமும் பதவியும் இருந்தன, அவர் மறைக்கவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்து, இலக்கணமும் இலக்கியமும் தொடக்கத்திலிருந்து பாடங்கேட்டார். ஆசிரியராக இருப்போர்க்கு, மாணவராக மீண்டும் அமர்வது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியராகிய நாமே அறிவோம்.

1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. தமிழில் இளங்கலை பயிலாதவர் நேரே முதுகலை வகுப்பில் அமர்ந்தார். இத்தகைய கதவு எல்லார்க்கும் திறப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். அதன்பின் எம்.லிட். பட்டத்துக்குச் சங்கப் பாடல்களில் இயற்கை என்னும் பொருளைத் தேர்ந்தார்.

இத்தேர்வில்தான் அடிகளாரின் நுட்பம் விளங்குகிறது. தமிழை முதன்மையாகக் கொண்டபோது அவர் இலத்தீனைத் தள்ளிவிடவில்லை. அதனைத் துணையாக இடம் மாற்றினார். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தையும் பொழுதையும் மனித உணர்வோடு பிணைத்துப் பாடும் மரபு, அதற்குள்ளேயே வளர்ந்தவர்க்கு இயல்பாகத் தோன்றும், வியப்பாகத் தோன்றாது. கிரேக்க, இலத்தீன் கவிஞர்கள் இயற்கையைப் பாடிய முறையைக் கற்றுவந்த ஒருவர்க்கோ, ஐந்திணை உலக இலக்கியத்தில் தனித்து நிற்கும் ஓர் அமைப்பாகத் தென்பட்டது. அவ்வேறுபாட்டை அவர் ஆங்கிலத்தில் எழுதிக்காட்டினார். 1948 இல் தூத்துக்குடியில் தாம் தொடங்கிய தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக அவ்வாய்வு நூலுருப்பெற்றது. 1952 இல் தமிழ் கல்ச்சர் என்னும் ஆங்கிலக் காலாண்டிதழும் தூத்துக்குடியிலிருந்து வெளிவரத் தொடங்கிற்று. முத்தும் உப்பும் ஏற்றிய துறைமுகத்திலிருந்து சங்கத் தமிழ் பற்றிய கட்டுரைகள் அயல்நாட்டு அறிஞரின் கைகளுக்குச் சென்றன.

தந்தையார் கவலையும் பொய்யன்று. அடிகளாரின் வாழ்வே அதற்குச் சான்று தருகிறது. 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக ஏற்றது. ஏற்ற துறை தமிழன்று, கல்வியியல். அவர் சோர்ந்தாரில்லை. இலண்டன் சென்று முனைவர் ஆய்வு செய்தபோது, பண்டைத் தமிழிலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனையையே பொருளாக எடுத்துக்கொண்டார். பிழைப்புத் தந்த பாடமும் உள்ளம் நாடிய பாடமும் ஓரேட்டில் கூடின. 1961 இல் மலாயாப் பல்கலைக்கழகம் இந்தியவியல் துறையின் தலைமையைத் தந்தபோது அவருக்கு அகவை நாற்பத்தெட்டை நெருங்கியிருந்தது. அத்தனை ஆண்டு காத்திருப்பு எளிதன்று.

துணைப்பாடம் அளித்த பயனில் நம் கரையோடு தொடர்புடையது ஒன்றுண்டு. போர்த்துகல் நாட்டு அண்டிரிக் அடிகளார் பதினாறாம் நூற்றாண்டில் புன்னைக்காயலை நடுவாகக்கொண்டு முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, தமிழ் இலக்கணத்தைப் போர்த்துகீசியத்தில் எழுதினார். அவர் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சேறியது. இவ்வழியில் வந்த நூல்கள் பலவும் ஐரோப்பிய நூலகங்களில் தமிழறிஞர் கண்படாமல் கிடந்தன. 1954 இல் தனிநாயகம் அடிகளார் அந்நூலகங்களைத் தேடிச் சென்றார். 1554 இல் உரோமன் எழுத்தில் தமிழைத் தாங்கி லிஸ்பனில் அச்சான நூலைத் தமிழுலகுக்கு அறிவித்தார். வத்திக்கான் நூலகத்தில், அந்தாவு தெ புரோயென்சா தொகுத்து 1679 இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியைக் கண்டார். அந்த அட்டவணைகளின் மொழி இலத்தீன், போர்த்துகீசியம். அவை சுட்டிய நூல்களின் மொழி தமிழ். இரண்டும் தெரிந்தவர் வரும்வரை அவை காத்திருந்தன.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியல் மாநாடு கூடியபோது, பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியத்தோடு இணைந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்ற வழிசெய்தார். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா அதன் தலைவரானார். இந்நட்பெல்லாம் அடிகளார் பல மொழிகளில் உரையாட வல்லவராய் இருந்ததன் விளைவு என்றே நாம் கருதுகிறோம். முதல் மாநாடு 1966 ஏப்பிரலில் கோலாலம்பூரில் நடந்தது. வத்திக்கானில் கண்ட அகராதியும் அதே ஆண்டு அதே நகரில் மறுபதிப்பாக வெளிவந்தது.

1969 இல் மலாயாப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பின்னாளில் யாழ்ப்பாணம் திரும்பிய அடிகளார், 1980 செப்டம்பர் முதல் நாள் அங்கேயே மறைந்தார். மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் இவ்வாண்டும் வரும். நம் துறையின் வாயிலில் தந்தையரும் மைந்தரும் வந்து நிற்பர். விண்ணப்பத்தில் துணைப்பாடத்துக்கென விடப்பட்டுள்ள கட்டத்தை அவர்களோடு அமர்ந்து நிரப்ப நாம் காத்திருப்போம்.