எல்மர் மெக்காலம்

போரில் வென்ற வீரரையும் நாடாண்ட வேந்தரையும் உலகம் எளிதில் மறப்பதில்லை. வெண்ணெயில் மறைந்து கிடந்த ஒரு நுண்பொருளைத் தேடித் தம் இளமையைச் செலவிட்டவரையோ நாம் அங்ஙனம் நினைப்பதில்லை. குழந்தைகள் பலரின் கண்ணொளி கெடாது காத்த அறிவுக்கு அடிகோலிய எல்மர் மெக்காலம் என்னும் அமெரிக்கப் பேரறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இவர் 1879ஆம் ஆண்டில் கான்சாஸ் மாநிலத்தில் உழவர் குடியொன்றிற் பிறந்தார். குழவிப் பருவத்தில் காய்ச்சிய பாலும் மசித்த உருளைக்கிழங்குமே உணவாகப் பெற்றமையால் ஸ்கர்வி என்னும் நோய்க்கு ஆளானார். அன்னையார் ஆப்பிள் பழத்தைச் சுரண்டி ஊட்டிவர, அந்நோய் நீங்கிற்று என்பர். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் 1906இல் டாக்டர் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டில் விஸ்கான்சின் வேளாண்மைக் கல்லூரியில் பணியேற்றார்.

அங்கே ஒரு வியப்பான சோதனை நடைபெற்று வந்தது. பசுங்கன்றுகளைப் பிரித்து, ஒரு சாரார்க்கு மக்காச்சோளமும், ஒரு சாரார்க்குக் கோதுமையும், ஒரு சாரார்க்கு ஓட்ஸும் மட்டுமே ஊட்டினர். இரசாயன அளவையில் இவ்வுணவுகள் யாவும் ஒத்தனவே. ஆயினும் மக்காச்சோளம் தின்றவை கொழுத்தன. கோதுமை தின்றவை மெலிந்து குருடாயின. காரணம் அறியுமாறு மெக்காலத்தை ஏவினர்.

பசு வளர்ந்து ஈன்று பயன் காட்டப் பல்லாண்டு வேண்டும். எலிக்கோ சில திங்களே போதும் எனத் தெளிந்தார் மெக்காலம். உழவர்க்குப் பகையாகிய எலியைக் கல்லூரிப் பொருளால் வளர்ப்பதா எனத் தலைவர் மறுத்தார். மெக்காலம் தளராது, தம் பொருளில் ஆறு டாலர் கொடுத்துச் சிகாகோ நகரிலிருந்து பன்னிரண்டு வெள்ளெலிகளை வாங்கினார். மார்கரீட் டேவிஸ் என்னும் மங்கையார் பல்லாண்டு ஊதியமின்றி அவ்வெலிகளைப் பேணி ஆராய்ச்சிக்குத் துணைநின்றார்.

பன்றிக்கொழுப்போ ஒலிவ எண்ணெயோ கலந்த தூய உணவை உண்ட எலிகள் சில வாரம் வளர்ந்து பின் வளர்ச்சி குன்றின. வெண்ணெயிலிருந்தோ முட்டையிலிருந்தோ வடித்த கொழுப்பைச் சேர்த்தவுடன் மீண்டும் வளர்ந்தன. இவ்வுண்மையை இருவரும் 1913இல் வெளியிட்டனர். யேலில் ஆஸ்பர்ன், மெண்டல் என்னும் அறிஞரும் அவ்வாண்டிலேயே அம்முடிவை எய்தினர். அப்பொருளே இன்று வைட்டமின் ஏ எனப்படும் உயிர்ச்சத்து.

இது எலிகளின் செய்தி மட்டுமன்று. முதல் உலகப் போர்க்காலத்தில் டென்மார்க்கின் வெண்ணெய் அயல்நாடு சென்றது. கொழுப்பு நீக்கிய பாலருந்திய ஏழைக் குழந்தைகள் பலருக்குக் கண் வறண்டு பார்வை கெட்டது. புளோக் என்னும் மருத்துவர் மீனெண்ணெயும் கொழுப்பு நீக்காத பாலும் ஈந்து பலரைக் காத்தார்.

இனி, இத்துணைச் சிறுபொருள் இவ்வளவு செய்வது எங்ஙனம்? விறகுபோல் எரிந்து வலிமை தருவதன்று இது. ஏவல் கொண்டுசெல்லும் தூதனைப் போன்றது. இதிலிருந்து உடலில் இரு வழிப்பொருள்கள் தோன்றுகின்றன. ரெட்டினால் என்பது விழித்திரையில் ஒரு புரதத்தோடு பிணைந்து நின்று, ஒளி பட்டவுடன் வடிவம் மாறிப் பார்வையை எழுப்புகிறது. ரெட்டினாயிக் அமிலமோ உயிரணுவின் உட்கருவினுட் புகுகிறது. அங்கே மரபணுக்களின் அருகே ஏற்பிகள் என்னும் புரதங்கள் இணை இணையாக அமர்ந்துள்ளன. அமிலம் வாராதவரை, அடக்கும் புரதங்கள் அவற்றைப் பற்றி மரபணுவை வாளாவிருக்கச் செய்யும். அமிலம் ஏற்பியின் குழியிற் பொருந்தியதும், மூடி சாத்தினாற்போல் ஏற்பியின் ஒரு பகுதி மடங்கும், அடக்குவன விலகும், ஊக்குவன வந்து கூடும், மரபணு தன் தொழிலைத் தொடங்கும்.

ரெட்டினாயிக் அமிலம் மீண்டும் ரெட்டினாலாக மாறாது. ஆதலின், 1960இல் டௌலிங், வால்டு என்போர் உயிர்ச்சத்துக்கு ஈடாக அவ்வமிலத்தை மட்டும் ஊட்டிய எலிகள் நன்கு வளர்ந்தும் பார்வை இழந்தன.

இவ்வேற்பியைச் சாம்பன், எவன்ஸ் என்போரின் ஆய்வுக்குழுவினர் 1987இல் தனித்தனியே கண்டறிந்தனர். மெக்காலமோ 1967இலேயே இவ்வுலகை நீத்தார். வளர்ந்த எலியையும் வளராத எலியையும் நிறுத்துப் பார்த்து அவர் உணர்ந்ததன் உட்பொருள் வெளிப்பட எழுபத்து நான்கு ஆண்டுகள் சென்றன. பயன் முழுதும் தம் வாழ்நாளில் விளங்கவேண்டுமென்று காத்திராது, கையிலிருந்த வேலையைச் செவ்வனே செய்த அவ்விருவரையும் மாணவராகிய நாம் நினைவிற்கொள்வது நம் கடனாகும்.