ஜான் சாம்சன்

ஜான் ஆல்பர்ட்சன் சாம்சன் (1873 - 1946) ஓர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆவார். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் அகப்படலத்தை ஒத்த திசு, சூலகம், வயிற்றறைச் சவ்வு போன்ற பிற இடங்களில் வளரும் நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்னும் பெயரை நிலைபெறச் செய்தவர் இவர். தமிழில் இது இடமகல் கருப்பை அகப்படலம் எனப்படுகிறது. கடும் மாதவிடாய் வலியும் சிலருக்குக் குழந்தைப் பேறின்மையும் இதன் விளைவுகளாகும்.

வாழ்க்கை

நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகருக்கு அருகில் பிறந்த சாம்சன், 1899இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்றார். தொடக்கத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சிறுநீர்க்குழாய்க்கு நேரும் கேடுகளை ஆராய்ந்தார். பின்னர் ஆல்பனி மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஆய்வு

சூலகத்தில் பழைய குருதி நிறைந்து காணப்படும் சாக்கொலேட் கட்டிகளைப் பற்றி 1921இல் கட்டுரை வெளியிட்டார். மாதவிடாய் நாட்களிலேயே அறுவை செய்து, இத்திசுவும் கருப்பையைப் போலவே குருதி கசிவதைக் கண்டார். கட்டி உடைந்து திசு பரவுகிறது என்பது அவரது முதல் கருத்து. 1927இல் அதை விரிவாக்கி, மாதவிடாய்க் குருதி சூலகக் குழாய் வழியே பின்னோக்கிச் சென்று திசுவை வயிற்றறையில் விதைக்கிறது என்றார். வயிற்றறைச் சவ்வின் உயிரணுக்களே உருமாறுகின்றன என்ற செருமானிய நோயியலாளர் ராபர்ட் மேயரின் கொள்கை இதற்கு எதிராக நின்றது. சாம்சன் மறைந்த பின், 1950களில் குரங்குகளின் மாதவிடாய்ப் போக்கை வயிற்றறைக்குத் திருப்பிச் செய்த சோதனைகள் அவர் கொள்கைக்கு வலுச் சேர்த்தன.

ஏற்பிகள் தந்த விளக்கம்

ஆனால் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், குழாய் அடைபடாத பெண்களுள் 90 விழுக்காட்டினரிடம் இப்பின்னோட்டம் காணப்பட்டது. நோயோ இனப்பெருக்க வயதுப் பெண்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கே வருகிறது. விதை எல்லோரிடமும் விழுந்தும் சிலரிடம் மட்டும் ஏன் வேர்விடுகிறது?

விடையின் ஒரு பகுதி உயிரணு ஏற்பிகளில் உள்ளது. சாம்சன் காலத்தில் எஸ்ட்ரோஜன் ஏற்பி அறியப்படவில்லை. 1950களின் இறுதியில்தான் எல்வுட் ஜென்சன் அதை இனங்கண்டார். பீட்டா வகை ஏற்பி 1996இல் அறியப்பட்டது. இடம் மாறிய திசுவில் பீட்டா வகை மிகுந்தும் ஆல்ஃபா வகை குறைந்தும் உள்ளது. ஏற்பி மரபணுவின் மீதுள்ள மெத்தில் குறிகள் குறைந்திருப்பதே இம்மிகைக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. இத்திசு தானே எஸ்ட்ரோஜனையும் சுரக்கிறது, அழற்சி தொடர்கிறது. புரோஜெஸ்டரோன் ஏற்பிகளும், சிறப்பாக அவற்றின் பி வகை, இங்குக் குறைந்துவிடுகின்றன. வளர்ச்சியை அடக்க வேண்டிய ஹார்மோன் வந்தாலும் உயிரணு அதற்குச் செவிசாய்ப்பதில்லை. புரோஜெஸ்டரோன் வகை மருந்துகள் சிலருக்குப் பயன் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2018இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற எலகோலிக்ஸ் வேறு வழியில் செயற்படுகிறது. இது பிட்யூட்டரி சுரப்பியில் உள்ள ஏற்பியை அடைத்து, எஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைக்கிறது. கருப்பையின் வட்டப் பிணையத்தில் ஓடும் நாடி சாம்சன் நாடி என இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.