இதயச் சுவரைப் படித்த வைத்தியர் இப்னுந் நபீஸ் (ரஹ்)

கெய்ரோ நகரின் பொதுக் குளியலகம் ஒன்றில் ஒருநாள் ஒரு வைத்தியர் குளித்துக்கொண்டிருந்தார். பாதியிலே எழுந்து உடைமாற்றும் அறைக்கு வந்து, மையும் எழுதுகோலும் காகிதமும் கொண்டுவரச் சொன்னார். நாடித்துடிப்பைப் பற்றி ஒரு கட்டுரையைத் தொடங்கி, முடியும் வரை எழுதிவிட்டு, மீண்டும் உள்ளே போய்க் குளித்து முடித்தார். அவருடைய வாழ்க்கையைப் பதிந்துவைத்த பழைய அரபு ஆசிரியர்கள் சொல்லும் கதை இது. அவர் எழுத உட்கார்ந்தால், சீவிய எழுதுகோல்கள் பல அருகில் தயாராக இருக்குமாம். ஒன்று மழுங்கினால் அதைச் சீவ நேரமில்லை, அடுத்ததை எடுப்பார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, எந்தக் கிதாபையும் புரட்டாமல் நினைவிலிருந்தே எழுதுவார்.

அவர்தான் அலாவுத்தீன் இப்னுந் நபீஸ் (ரஹ்). 1213ஆம் ஆண்டளவில் திமிஷ்குப் பகுதியில் பிறந்தார். சுல்தான் நூருத்தீன் ஸங்கி அந்நகரில் கட்டிய நூரி வைத்தியசாலையில், அத்தக்வார் என்ற பெரும் வைத்தியரிடம் பாடம் கேட்டார். அதே ஆசிரியரிடம் கற்ற இப்னு அபீ உஸைபிஆ பின்னாளில் வைத்தியர்களின் வரலாற்றைப் பெரிய நூலாகத் தொகுத்தார். நூற்றுக்கணக்கானோர் இடம்பெற்ற அந்த நூலின் வழக்கமான பிரதிகளில் இப்னுந் நபீஸுக்கு இடமில்லை. கூடப் படித்தவர்களின் மனம் எக்காலத்திலும் ஒன்றுதானோ என்னவோ!

பிறகு அவர் கெய்ரோவுக்குப் போனார். அங்கே வைத்தியம் பார்த்ததோடு, மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாபிஈ பிக்ஹும் கற்பித்தார். இமாம் ஸுப்கி (ரஹ்) அவர்கள் ஷாபிஈ அறிஞர்களின் வரலாற்றை எழுதியபோது இவரையும் அதில் சேர்த்தார்கள். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர் என்பதால், உயிரியல் படிக்கும் எங்களுக்கு இவர் இரண்டு வழியில் உறவு.

அக்காலத்தில் இதயத்தைப் பற்றிய பாடம் ஆயிரம் ஆண்டுப் பழையது. ஜாலினூஸ் என்று அரபு நூல்கள் அழைக்கும் கேலன் என்ற கிரேக்க வைத்தியர் சொன்னது அது. ஈரலில் உண்டாகும் குருதி இதயத்தின் வலது அறைக்கு வருகிறது, இரண்டு அறைகளுக்கும் நடுவேயுள்ள பிரிசுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, அவற்றின் வழியே குருதி இடது அறைக்குக் கசிகிறது என்பதே அவர் கருத்து. இப்னு ஸீனா (ரஹ்) தமது கானூனிலும் இதையொட்டியே எழுதினார். கானூனை மறுத்துப் பேசுவது அன்று சிறிய காரியமல்ல.

1242இல், 29 வயதில், இப்னுந் நபீஸ் கானூனின் உடலமைப்புப் பகுதிக்கு ஒரு விரிவுரை எழுதினார். அதிலேதான் அந்த மறுப்பு இருக்கிறது. பிரிசுவர் தடித்தது, அதில் வெளிப்படையான துளையும் இல்லை, மறைவான துளையும் இல்லை என்றார். அப்படியானால் குருதிக்கு வழி எது? வலது அறையிலிருந்து சுவாசப்பைக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, இடது பக்கத்துக்குத் திரும்பி வருகிறது என்றார்.

எனக்கு இதிலே மிகவும் பிடித்தது அவர் காட்டிய காரணம். சுவாசப்பை நாடிக்கு அப்போது நாடி போன்ற நாளம் என்று பெயர். சுவாசப்பை நாளத்துக்கு நாளம் போன்ற நாடி என்று பெயர். சுவரைப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. முதலாவதன் சுவர் இரண்டு படைகளோடு உறுதியானது, இரண்டாவதன் சுவர் மெல்லியது. உறுதியான சுவரூடாக மிக நுண்ணிய பகுதி மட்டுமே கசிய முடியும், மெல்லிய சுவர் அதை இலகுவாக ஏற்றுக்கொள்ளும், ஆகவே இரண்டுக்கும் நடுவே நுண்ணிய வழிகள் இருக்கவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். நுணுக்குக்காட்டி இல்லாத காலத்திலே சுவரின் தடிப்பை வைத்தே அவர் இதை ஊகித்தார். 1661இல் இத்தாலியரான மல்பீகி தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அந்த வழிகளான மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். 400 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது.

இதைச் சரிபார்க்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா ஆட்டின் இதயத்தைச் சமையலுக்கு வெட்டுமுன் உம்மாவிடம் கேட்டு வாங்கி, அதன் நடுச்சுவரில் ஈர்க்குக் குச்சியால் தேடிப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. நாடியை வெட்டினால் வாய் திறந்தபடி வட்டமாக நிற்கும், நாளம் துணிபோல் மடிந்துவிடும். இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தைக்கு உதவி கேட்டு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் அறிவிப்பார்கள் அல்லவா? கேலன் எல்லோருக்கும் இருக்கிறது என்று நம்பியது, உண்மையில் நோய்.

நம் மேடைப் பேச்சுகளில் இவரைப் பற்றிச் சிலர் கூட்டிச் சொல்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. உடல் முழுவதும் குருதி சுற்றிவருவதை அவர் சொல்லவில்லை. அதை நிறுவியவர் 1628இல் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி. சுவாசப்பை வழியை 1553இல் செர்வேட்டஸும் 1559இல் கொலம்போவும் ஐரோப்பாவில் எழுதினார்கள். அவர்களுக்கு இவருடைய கருத்து எட்டியதா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதற்குள் திருட்டுப் பட்டம் கட்டுவது நியாயமல்ல. இடது அறையில் காற்றும் குருதியும் கலந்து உயிராவி பிறக்கிறது என்ற பழைய எண்ணத்தை இவரும் விடவில்லை. மார்க்கச் சட்டமும் தமது இரக்கமும் உடலை அறுப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அவரே எழுதியிருக்கிறார். ஆயினும் இவ்வளவு நுட்பமாக எழுதியவர் அறுத்தே பார்த்திருப்பார் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

மறுக்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? பிக்ஹிலிருந்து என்று நினைக்கிறேன். மதிப்புக்குரிய இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதும் அதை அதபோடு எழுத வேண்டுமென்பதும் அங்கே அன்றாடப் பாடம். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களே எகிப்துக்கு வந்தபின் தம் முந்தைய தீர்ப்புகள் பலவற்றை மாற்றிக்கொண்டார்கள்.

அவர் படித்த அந்தச் சுவர் எப்படி உண்டாகிறது என்பதை இன்று அறிவோம். முளையத்தின் மூன்றாவது வாரத்தில் நடுப்படைக் கலங்கள் சில கூட்டமாகச் சேர்ந்து குழாயாகின்றன. பின் அக்குழாய்களிலிருந்து கிளைகள் முளைத்துப் பரவுகின்றன. நான்காம் வாரத் தொடக்கத்தில் இதயம் துடிக்கத் தொடங்கி, குருதி தள்ளும் விசைக்கேற்ப நாடியைச் சுற்றித் தசைக் கலங்கள் திரள்கின்றன. வளர்ந்த பிறகும் வேலை ஓய்வதில்லை. நாடிச் சுவரின் வெளிப்படையில் மூலக்கலங்கள், அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய கலங்கள், தங்கியிருப்பதை இந்த நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டின. சுவர் காயப்பட்டால் அவை தசைக் கலங்களாக மாறி உள்நோக்கி நகரலாம். அதனால் சுவர் சீராகவும் கூடும், அளவுமீறித் தடித்துக் குழாய் ஒடுங்கவும் கூடும்.

கண்டி தேசிய வைத்தியசாலையில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. காலிலிருந்து எடுக்கும் நாளத்தை இதயத்தின் முடியுரு நாடியோடு தைக்கிறார்கள். மெல்லிய சுவருள்ள அந்த நாளம் நாடியின் அழுத்தத்தைத் தாங்க நேர்ந்ததும் தானும் தடிக்கத் தொடங்குகிறது. சிலருக்கு அதுவே சில ஆண்டுகளில் அடைப்பாகிவிடுகிறது. இதயத்துக்கு உணவு அதன் அறைக்குள் இருக்கும் குருதியிலிருந்து வருவதில்லை, அதன் உடலுக்குள் ஓடும் குழாய்களிலிருந்தே வருகிறது என்று இப்னு ஸீனாவைத் திருத்தியவரும் இப்னுந் நபீஸ்தான்.

அவருடைய சுருக்க நூலான மூஜஸ் யூனானி வைத்தியர்களிடையே இந்தியா வரை பாடமானது. விரிவுரையோ கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1924இல் ஜேர்மனியில் படித்த முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய வைத்தியர் பேர்லின் நூலகத்தில் அதன் கையெழுத்துப் பிரதியைப் படித்தபோதுதான் உலகம் மறுபடி அறிந்தது.

சுல்தான் கலாவூன் கெய்ரோவில் 1284இல் மன்ஸூரி வைத்தியசாலையைத் தொடங்கியபோது இப்னுந் நபீஸுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஹிஜ்ரி 687 துல்கஃதாவில், அதாவது 1288 டிசம்பரில், அவர் நோயுற்றார். மருந்தாகச் சிறிது மது அருந்தும்படி உடனிருந்த வைத்தியர்கள் சொன்னார்கள். உடலில் அது இருக்கும் நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்க அவர் விரும்பவில்லை. வபாத்தாகும் முன் தமது வீட்டையும் கிதாபுகளையும் மன்ஸூரி வைத்தியசாலைக்கு வக்பு செய்தார். 300 தொகுதிகளாக எழுதத் திட்டமிட்ட அஷ்ஷாமில் என்ற மருத்துவ நூலில் அப்போது 80 தொகுதிகளே முடிந்திருந்தன.