கழற்றிப் பார்த்த மனிதர்

ஜி. டி. நாயுடு என்று சொன்ன மாத்திரத்தில் நம் மாணவ நண்பர்கள் ஒரு நீண்ட பட்டியலை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். சவரக் கருவி, மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் பொறி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று அது நீளும். இறுதியில் ‘இந்தியாவின் எடிசன்’ என்று முடிப்பார்கள். பட்டியல் உண்மைதான். ஆனால் அதை மட்டும் படித்தால் அவர் ஏதோ மாயவித்தைக்காரர் போலத் தோன்றுகிறார். மோட்டார் இஞ்சினைக் கழற்றிப் போட்டு, கரியும் எண்ணெயும் பூசிய கையோடு உட்கார்ந்திருந்த நாயுடுவைத்தான் நான் இங்கே சொல்ல விரும்புகிறேன். பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிற எனக்கு அவரே நெருக்கமானவர். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 மார்ச் 23 அன்று ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்பப் படிப்போடு அதற்கு விடை கொடுத்துவிட்டார். இளமையில் ஒருநாள், வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளில் வருவதைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுகிறது! வேறு இளைஞனாக இருந்தால் வியந்துவிட்டு வயலுக்குத் திரும்பியிருப்பான். இவரோ கோவைக்குப் போய் ஓட்டல் ஒன்றில் பரிமாறுகிற வேலையில் அமர்ந்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, அதைக் கொண்டு அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊரார் பார்க்க அதில் பவனி வந்தாரா? இல்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். மறுபடியும் பூட்டினார். அவருடைய பள்ளிக்கூடம் அதுதான்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்க்குச் சென்று அதை இழந்தார். பிறகு சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலத் தொழிலதிபரின் உதவி கிடைத்தது. 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டியவரும் அவரே. அந்த ஒரு வண்டி பெருகி யு.எம்.எஸ். ஆயிற்று. நாட்டிலேயே திறம்பட நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று அது பெயர் பெற்றது.

அந்நாளைய பஸ் இஞ்சின் எப்படிப்பட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். அக்காலத்தில் உலகெங்கும் ஓடிய ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியின் இஞ்சினுக்கு ஏறக்குறைய 2.9 லிட்டர் கொள்ளளவு. கிடைத்த சக்தியோ 20 குதிரைத்திறன்தான். சாலையெல்லாம் புழுதி. காற்றை வடிகட்டும் ஏற்பாடு பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. புழுதி உள்ளே போய் சிலிண்டரின் சுவரை அரம்போல ராவும். சில ஆயிரம் மைல் ஓடினால் ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். பேரிங்குகளுக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, கையாலேயே சீவிப் பொருத்த வேண்டும். இப்படிப்பட்ட இஞ்சினை வைத்துக்கொண்டு குறித்த நேரத்திற்கு பஸ் விடுவதென்றால், பட்டறைதான் கம்பெனியின் உயிர். புதிய வண்டி வாங்குவதில் அன்று பெருமையில்லை. பழைய வண்டி வழியில் நிற்காமல் ஓடுவதில்தான் பெருமை இருந்தது.

இப்போது காரணத்திற்கு வருகிறேன். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே வாழைக்குலையும் மரச்சீனியும் ஏற்றுகிற டீசல் ஜீப் ஒன்று எங்கள் ஊரில் உண்டு. மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடந்த வண்டி. ஒரு குடும்பத்தின் அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. வீட்டு இளைஞனுக்கு ஓர் ஆசை: வேறு வண்டியிலிருந்து ஒரு டர்போவைக் கொண்டுவந்து மாட்ட வேண்டும், பம்பில் டீசலைக் கூட்ட வேண்டும், ஏற்றத்தில் வண்டி பறக்க வேண்டும். பட்டறை ஆசான் பேசாமல் கம்ப்ரெஷன் கேஜை எடுத்து நான்கு சிலிண்டரையும் சோதித்தார். ஒன்று மற்றவற்றைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தது. “மக்களே, ஓட்டைப் பானையில எதுக்குடே கூடக் கொஞ்சம் தண்ணி?” என்றார்.

அவர் சொன்னதில் உள்ள விஞ்ஞானம் இதுதான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்துவிட்டால், எரிந்த வாயுவின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுவதோடு நில்லாமல், இடுக்கு வழியாகக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள்ளும் இறங்கும். டர்போ மாட்டினால் அழுத்தம் கூடும், கசிவும் கூடும். எண்ணெய் கெடும், தேய்ந்த பேரிங்கில் எண்ணெயின் பிடிப்பு முன்பே குறைந்திருக்கும். அதன்மேல் அதிகச் சுமையும் விழுந்தால் கிராங்க் ஷாஃப்டே போய்விடலாம். பெட்ரோல் இஞ்சினில் ஹெட்டைச் சீவி அழுத்தம் கூட்டுகிறவர்களுக்கும் இந்தக் கதைதான். அங்கே ‘நாக்கிங்’ என்ற தட்டல் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே முதலில் அளவு எடுப்பது, பிறகு போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, கிராங்கைக் கிரைண்ட் செய்வது, வால்வுகளைச் சரிசெய்வது. எங்கள் பக்கத்தில் ‘இஞ்சின் பணி’ என்பார்கள். இவ்வளவும் முடிந்தால், புதிதாக எதையும் மாட்டாமலே பாதிப் பறப்பு வந்துவிடும். மீதிப் பாதிக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பப்படி மாற்ற விடுவதில்லை.

ஆசான் நாயுடுவைப் பற்றிப் படித்தவர் அல்லர். ஆனால் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கழற்று, அளந்து பார், அதன் பிறகு பேசு.

எங்கள் சாலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோவையில் நாயுடு தனியாராக பஸ் நடத்திக்கொண்டிருந்தபோது, திருவிதாங்கூர் சமஸ்தானம் அந்தத் தொழிலைத் தானே ஏற்க முற்பட்டது. லண்டனில் போக்குவரத்து வாரியத்தில் பணிபுரிந்த சால்டர் என்பவரை 1937-இல் வரவழைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து காமர் சேஸிஸ்கள் பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினோடு வந்தன. மரக்கூடும் தகடும் அடித்து உடல் கட்டியவர்கள் நம் ஊர்த் தொழிலாளர்கள். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா அதைத் தொடங்கி வைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி போகிற அந்தப் பாதை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்துதான் செல்கிறது. 1956 நவம்பர் 1-இல் எல்லை மாறிற்று. விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலம் சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் எங்கள் வீடுகளும் அதோடு நின்றன. பட்டறைகள் மட்டும் எல்லை பார்ப்பதில்லை; வண்டி எந்த மாநில எண்ணோடு வந்தாலும் இஞ்சின் ஒன்றுதான்.

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. 1937-இல் பீளமேட்டில் அவரது தொழிற்சாலையிலிருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அத்துறையில் உடன் உழைத்த பாலசுந்தரம் நாயுடு பின்னர் டெக்ஸ்டூல் தொழிற்சாலையை வளர்த்தார். கோவை இன்று பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர் பெற்றிருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952-இல் இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். சர்க்கார் உரிமம் வழங்கவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு அன்றே எட்டியிருக்கக்கூடிய வண்டி அது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுப்பதில்லை.

மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. 1945-இல் கோவையில், அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்ற நாயுடு காரணமாக இருந்தார். கல்லூரியின் முதல்வராகவும் அமர்ந்தார். பட்டமில்லாத முதல்வர்! நான்காண்டுப் பொறியியல் படிப்பு வீண், இரண்டாண்டே மிகுதி என்பது அவர் கொள்கை. அரசு ஏற்கவில்லை, அவர் பதவியை விட்டு விலகினார். இதில் நான் அவரோடு முழுதும் உடன்படவில்லை. ரிங் தேய்ந்தால் அழுத்தம் குறையும் என்பதைப் பட்டறை கற்பிக்கும்; எவ்வளவு குறையும், ஏன் குறையும் என்று கணக்கிட ஏடும் வேண்டும். ஆனால் ஒரு முறைகூட இஞ்சினைத் திறந்து பார்க்காமல் நான்காண்டைக் கடந்து பட்டம் பெறுகிறவர்களைப் பார்க்கும்போது, அவர் கோபத்தில் பாதியாவது நியாயம் என்றே சொல்வேன்.

1974 ஜனவரி 4 அன்று அவர் மறைந்தார். அவர் பெயரால் நடைபெறும் அறக்கட்டளை, கோவை அவினாசி சாலையில் 2015-இல் ஒரு கார் அருங்காட்சியகத்தைத் திறந்திருக்கிறது. சங்கத்தின் இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் செயலாளர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஆசானுக்கும் ஒரு டிக்கெட் எடுத்தால், வண்டிக்கு வண்டி நின்று விளக்கம் சொல்ல ஆளும் கிடைத்துவிடும்.