டிராகுலாவுக்குப் பின் எந்த நூல்?

நூலை மூடிவைத்த பின்னரும் அதன் ஆசிரியர் நம்மை விடாது தொடர்வதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மாரிகால இரவொன்றில் 'டிராகுலா' நாவலை வாசித்து முடித்தபோது எனக்கு அவ்வாறே நேர்ந்தது. யன்னலை இறுகச் சாத்திவிட்டுப் படுத்தேன், உறக்கம் வரவில்லை. விடிந்ததும் அச்சம் நீங்கியது, ஆவல் நீங்கவில்லை. இவர் வேறென்ன எழுதினார்? அவற்றுள் எதனை அடுத்து வாசிப்பது?

பிராம் ஸ்ரோக்கர் ஒரு நூலோடு நின்றவரல்லர். பத்துக்கு மேற்பட்ட நாவல்களும் பல சிறுகதைகளும் அவர் எழுதியிருந்தார். பெயரின் கவர்ச்சியால் மயங்கி, 1911இல் வெளிவந்த 'வெள்ளைப் புழுவின் குகை' என்னும் நாவலை எடுத்தேன். கதை தடுமாறியது, பாத்திரங்கள் பொம்மைகளாய் நின்றன. ஒரே நூலில் வற்றிய ஊற்று இவர் என்று தீர்ப்புக் கூறி ஒதுக்கிவிட்டேன். அவருடைய வாழ்க்கையை அறிந்த பின்னரே அத்தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பது புலனாயிற்று.

ஸ்ரோக்கர் 1847 நவம்பர் 8ஆந் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரை அடுத்த குளொண்டார்வில் பிறந்தார். ஏறக்குறைய ஏழு வயது வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அந்நோய் இன்னதென்று இன்றுவரை தெளிவாகவில்லை. படுக்கையருகே அமர்ந்து அன்னை சார்லொற் கதைகள் சொன்னார். அவ்வம்மையார் சிறுமியாயிருந்தபோது, 1832இல், ஸ்லைகோ நகரைக் கொள்ளைநோயாகிய வாந்திபேதி சூறையாடிற்று. உயிர் பிரியுமுன்னரே புதைக்கப்பட்டவர்களைப் பற்றிய செய்திகளும் அவர் நினைவில் இருந்தன. எழுந்து நடக்கமுடியாத பிள்ளை அவற்றைக் கேட்டுக் கிடந்தது.

அப்பிள்ளை பின்னர் ட்ரினிற்றிக் கல்லூரியில் பேர்பெற்ற விளையாட்டு வீரரானார். டப்ளின் கோட்டையில் அரசாங்க எழுதுவினைஞராய் அமர்ந்தார். மாலைகளில் ஊதியமின்றி நாடக விமர்சனம் எழுதினார். அவ்விமர்சனமே 1876இல் புகழ்பெற்ற நடிகர் ஹென்றி இர்விங்கின் நட்பை ஈட்டித் தந்தது. 1878இல் புளோரன்ஸ் பல்கொம்ப் என்னும் நங்கையை மணந்து லண்டன் சென்று, இர்விங்கின் லைசியம் அரங்கின் நிர்வாகியானார். ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் அந்நடிகரின் கணக்கும் கடிதமும் பயணமும் அவர் பொறுப்பாயின. எழுதுவதற்கு எஞ்சியவை விடுமுறை நாட்களே.

'டிராகுலா'வுக்கான குறிப்புகளை 1890இல் தொடங்கினார். அவ்வாண்டுக் கோடையில் விற்பி என்னும் கடற்கரை ஊரின் நூல்நிலையத்தில், பழைய நூலொன்றிலே டிராகுலா என்ற பெயரைக் கண்டெடுத்தார். ட்ரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருபோதும் சென்றதில்லை. ஏழாண்டு உழைப்பின் பின் 1897 மே மாதம் நாவல் வெளிவந்தது. அன்னை அதனை வாசித்து வியந்து பாராட்டினார். இர்விங்கோ அப்பிரபுவின் வேடத்தை ஒருநாளும் ஏற்றாரில்லை.

1905இல் இர்விங் மறைந்தார். அதன்பின் ஸ்ரோக்கரைப் பக்கவாதம் தாக்கியது, வறுமை சூழ்ந்தது. 1911இல் எழுத்தாளர் நிதியமொன்றிடம் உதவி கோரினார். நான் இகழ்ந்து ஒதுக்கிய நாவல் அந்த ஆண்டிலேதான் எழுதப்பட்டது! 1912 ஏப்ரல் 20ஆந் திகதி அவர் இறந்தபோது, ஐந்து நாட்களுக்கு முன் மூழ்கிய டைற்றானிக் கப்பலின் செய்தியே பத்திரிகைகளை நிறைத்திருந்தது. இரங்கல் எழுதியவர்களும் பெரும்பாலும் இர்விங்கின் நிர்வாகி என்றே அவரை நினைவுகூர்ந்தனர்.

இவற்றை அறிந்ததனால் அந்நாவல் நல்ல நாவலாகிவிடவில்லை. ஆயினும் எங்கே தேடவேண்டும் என்பது எனக்கு விளங்கிற்று. 1881இல் தம் மகனுக்குக் காணிக்கையாக்கிய சிறுவர் கதைத் தொகுதியில், கண்ணுக்குத் தெரியாத அரக்கன் ஒருவன் நகரத்தை நெருங்குகிறான். அநாதைச் சிறுமி ஒருத்திக்கு மாத்திரமே அவன் தென்படுகிறான். ஊரார் அவளை எள்ளி நகைக்கின்றனர். அவ்வரக்கன் கொள்ளைநோயே. அன்னையின் ஸ்லைகோ அங்கே மீண்டும் எழுந்து நிற்பதாக எனக்குத் தோன்றிற்று.

அதன்பின் 'டிராகுலா'வை மறுபடி எடுத்தேன். இம்முறை என்னை நடுங்கவைத்தது பிரபுவின் கூரிய பல்லன்று. நோயுற்ற லூசியின் கட்டிலருகே இரவிரவாக விழித்திருக்கும் மனிதர்களும், நால்வர் குருதி கொடுத்தும் அவள் உயிர் நழுவிப்போகும் கொடுமையுமே. நோய்ப்படுக்கையை அறிந்தவர் எழுதிய பக்கங்கள் அவை.

ஆகவே, அடுத்து எதனை வாசிப்பதென்று வினவும் அன்பர்களுக்கு என் வரிசை இதுவாகும். முதலில் அந்த அரக்கன் கதை. பின்னர், பரீட்சைக்குப் படிக்கப் பழைய மாளிகையொன்றைத் தேடிச்செல்லும் மாணவனைப் பற்றிய 'நீதிபதியின் வீடு'. அடுத்து, எகிப்திய அரசியின் பதப்படுத்திய உடலைச் சுற்றிப் பின்னிய 'ஏழு விண்மீன்களின் மணி'. இதனை 1903ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே வாசித்தல் வேண்டும். 1912ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சமூட்டும் முடிவை நீக்கி மங்கல முடிவை வைத்துவிட்டனர். வெள்ளைப் புழுவை இறுதியில் எடுங்கள். தளர்ந்த கையொன்று எழுதியது என்ற நினைவோடு எடுங்கள்.