ஊருக்கு நாடி பிடித்த பேட்ரிக் கெடிஸ்

அடங்காத ஆளைப் பார்த்தால் சரியான எம்டன் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அதே எம்டன் அடுத்த மாதம் இந்து மகாசமுத்திரத்தில் கிளான் கிராண்ட் என்ற கப்பலை மூழ்கடித்தது. ஒரு மனுஷன் பல வருஷம் அலைந்து சேர்த்த ஊர் வரைபடங்களும் படங்களும் அந்தக் கப்பலோடு கடலுக்குள் போயின. அந்த மனுஷன்தான் பேட்ரிக் கெடிஸ். வெள்ளைக்கார நாடுகளில் நகர அமைப்பு படிக்கிறவர்கள் இவர் பெயரைச் சொல்லாமல் பாடத்தை ஆரம்பிப்பதில்லை. சிவில் படிக்கும் நம்ம பசங்களுக்கு இவரைத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1854 அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் பல்லட்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா பட்டாளத்துக்காரர். வளர்ந்தது பெர்த் என்ற ஊரில். கொஞ்ச காலம் பேங்க் வேலை பார்த்தார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார். ஒரே வாரம்தான். செத்த செடியை அறுத்துப் படிப்பது பிடிக்காமல் வெளியே வந்துவிட்டார்! லண்டனுக்குப் போய் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்தார். கடைசி வரை எந்தப் பரீட்சையும் எழுதிப் பட்டம் வாங்கவில்லை. பட்டம் இல்லாதவர் 1888-இல் டண்டீ கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். டிப்ளமாதானே என்று நம்மை யாராவது கேட்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

1879-இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை கெட்டது. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தார். ஜன்னல் சட்டங்களைக் கையால் தடவிக்கொண்டு, அந்தக் கட்டங்களிலேயே விஷயங்களை அடுக்கி யோசிக்கப் பழகினார். பார்வை திரும்பியது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் குனிந்து பார்க்கும் வேலை முடியாமல் போயிற்று. செடியைப் பார்த்த கண் ஊரைப் பார்க்கத் திரும்பியது.

1886-இல் அன்னா மார்ட்டன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வசதியான இடத்தை விட்டுவிட்டு இரண்டு பேரும் எடின்பரோவின் பழைய நகரத்தில், ஏழை ஜனம் நெருக்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில் குடிபோனார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், சுத்தம் செய்தார்கள், பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தார்கள். இடிக்காமலே ஒரு தெருவைச் சரி பண்ணலாம் என்று அவர் கற்றது அங்கேதான்.

1914-இல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து இந்தியா வந்தார். கண்காட்சிச் சாமான்களை எம்டன் விழுங்கிவிட்டது என்று தெரிந்தும் மனுஷன் தளரவில்லை. நண்பர்கள் வேறு படங்கள் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. அப்புறம் மதுரை, தஞ்சாவூர் என்று நம் ஊர்களைச் சுற்றினார்.

அந்தக் காலத்து முனிசிபல் இன்ஜினீயர்களுக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். நெருக்கமான பேட்டை என்றால் மேப்பை விரித்து, ஸ்கேலை வைத்து, நடுவில் அகலமாக ஒரு ரோடு போடுவது. கோட்டில் மாட்டிய வீடெல்லாம் போகும். போன ஜனம் எங்கே போகும்? பக்கத்துப் பேட்டையில் போய் இன்னும் நெருக்கும். கெடிஸ் மேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். இந்தச் சந்து எங்கே அடைபடுகிறது, எந்தப் பாழடைந்த வீட்டை எடுத்தால் அந்தச் சந்தோடு சேரும், எந்தக் கிணற்றையும் மரத்தையும் விட்டுவைக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். கட்டியை மட்டும் கீறி எடுத்து உடம்பைக் காப்பாற்றும் டாக்டர் மாதிரி. இதையே சிக்கன அறுவை என்று சொல்லலாம். செலவும் குறைவு, வீடிழந்து நிற்கும் ஜனமும் குறைவு.

இந்தூரில் அவர் செய்தது சினிமா மாதிரி இருக்கும். ஊரில் பிளேக். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்காரர்கள் வீட்டையும் தெருவையும் சுத்தமாக வைக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். ஊரே விளக்குமாற்றை எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியே போனது. ஊர்வலத்தில் பெரிய எலி பொம்மையும் வந்தது. தெரு கூட்டும் தொழிலாளிகள் புது உடுப்போடு மரியாதையாக நடந்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம்ம வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் எந்தத் தெருவில் வருமோ அந்தத் தெரு ஆடி மாசம் எப்படி இருக்கும் என்று யோசித்தால் கெடிஸின் யுக்தி புரியும்.

ஊர்கள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் கானர்பேஷன் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த வார்த்தையை 1915-இல் வந்த தன் புத்தகத்தில் உண்டாக்கியவர் இவர்தான். லண்டன் பவளப் பாறை மாதிரி யோசனையில்லாமல் படர்கிறது என்று கவலைப்பட்டார். புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம் வர பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். முதலியார்பேட்டை எங்கே முடிகிறது, முருங்கப்பாக்கம் எங்கே ஆரம்பிக்கிறது? ஆற்றுப் பாலம் வந்தால்தான் நம்ம ஊர் வந்தது தெரிகிறது.

டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை புதுச்சேரியைப் பிடித்து வைத்திருந்தபோது குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்களுக்கு வரைபடம் போட்டார்கள். அந்தப் பழைய டவுனில் ஒரு தெரு அடைத்தால் அடுத்த தெருவில் திரும்பிப் போய்விடலாம். நம்ம பக்கம் வயல் பிளாட்டாக மாறும் இடங்களில் நான் பார்ப்பது வேறு. ஒவ்வொரு மனையிலும் ரோடு நேராகத்தான் இருக்கிறது, அகலமாகவும் இருக்கிறது. ஆனால் அடுத்த மனையின் மதில் சுவரில் போய் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்குப் போக கடலூர் ரோட்டுக்கு வந்து சுற்றணும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் லாரிக்கு நடுவில் அப்படித்தான் சுற்றுகிறார்கள். ஆம்புலன்ஸும் அப்படித்தான். இரண்டு மனை வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் பத்தடி வழி விட்டிருக்கலாம். நாளைக்கு டிராயிங் போர்டில் அந்தக் கோட்டை இழுக்கப் போவது இந்த மலரைப் படிக்கும் நம்மில் சிலர்தான்.

கெடிஸ் பட்ட கஷ்டமும் கொஞ்சமில்லை. 1917-இல் மூத்த மகன் அலஸ்டர் பிரான்ஸ் போர்க்களத்தில் இறந்தார். அதே வருஷம் அன்னா இந்தியாவிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மகன் இறந்ததை அவரிடம் சொல்லவே இல்லை. ஆனாலும் வேலையை விடவில்லை. 1919 முதல் 1924 வரை பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கையை 1920-இல் புத்தகமாக எழுதினார். 1925-இல் டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் போட்டார். அதன்படி எழுந்த பகுதியை இப்போதும் பார்க்கலாம்.

1932-இல் சர் பட்டம் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி தெற்கு பிரான்ஸில் மான்பெலியே நகரத்தில் காலமானார். அவருடைய இந்திய அறிக்கைகளிலிருந்து பகுதிகளைத் தொகுத்து 1947-இல் லண்டனில் புத்தகம் போட்டார்கள். முழுசாக முடியாவிட்டாலும் தஞ்சாவூர் பற்றி வரும் பக்கங்களை மட்டுமாவது, பக்கத்தில் ஒரு மேப்பை வைத்துக்கொண்டு படியுங்கள்.